மச்சானின் மேல்தாடை

பல் மருத்துவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு மண்டையோடு மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. என் மனைவியின் அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாரு தொக்தேர் இது?" என்று கேட்டார். டாக்டர் என்பது அவர் வாயில் எப்போதும் பிரெஞ்சாகத்தான் வரும்.

"நீங்கதான் ஐயா."

மச்சான் தலையாட்டிக்கொண்டார். யாரோ தூரத்து உறவினரை அறிமுகப்படுத்தினால் ஆட்டுவது போன்ற ஆட்டல்.

அந்தப் பெண் மருத்துவருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பேனா முனையால் மேல்தாடையைத் தொட்டுக் காட்டினார். பல் வரிசை இருந்த இடத்தில் எலும்பு விளிம்பு அப்பளத்தைப் போல மெலிந்திருந்தது. சில இடங்களில் அதுவும் இல்லை. அதற்கு மேலே கன்னத்துக்குள் இருக்கும் காற்றறை இறங்கி வந்து காலி இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. சாதாரண இம்பிளான்ட் திருகாணிக்குப் பிடித்து நிற்க ஒரு விரற்கடை எலும்பாவது வேண்டும், இங்கே ஆணி அடித்தால் காற்றில்தான் அடிக்க வேண்டும் என்றார் மருத்துவர். பல் போன பிறகு எலும்புக்கு வேலை இல்லை. வேலை இல்லாத எலும்பை உடம்பு மெல்ல மெல்லக் கரைத்துவிடும் என்றும் விளக்கினார்.

வாழ்நாளெல்லாம் அரசு அலுவலகத்தில் கட்டடப் பிரிவில் இருந்த எனக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஆள் ஓய்வு பெறுகிறார், இடம் காலியாகிறது, நிரப்பப்படாமல் கிடக்கிறது, ஒரு நாள் பணியிடமே ஒழிக்கப்படுகிறது. பிறகு பக்கத்துப் பிரிவுக்காரன் மேசையை நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொள்கிறான். மச்சானின் தாடையில் நடந்திருந்தது அதுதான்.

மச்சான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இவர்களைச் சொல்தா என்போம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் பிரான்சில். உப்பளம் பகுதியில் மாடி வைத்த வீட்டில் தனியாக இருந்தார். சர்க்கரையும் சிகரெட்டும் ஈறு நோயும் சேர்ந்து ஐம்பது வயதுக்குள் அவருடைய மேல் வரிசைப் பற்களை எல்லாம் வெளியேற்றிவிட்டன. அதற்குப் பிறகு கழற்றி மாட்டும் பல்செட்தான். எலும்பு தேயத் தேய அது தளர்ந்தது. பசை போட்டு ஒட்டிப் பார்த்தார். பேசிக்கொண்டே இருக்கும்போது மேல் வரிசை ஒரு கணம் பின்தங்கி, பிறகு வந்து சேர்ந்துகொள்ளும். எனக்கும் பல்செட்தான். ஆனால் என் தாடை கொஞ்சம் சிக்கனக்காரத் தாடை. இருந்த எலும்பை இன்னும் கையில் வைத்திருக்கிறது. இதை அவரிடம் அடிக்கடி சொல்லிக் காட்டுவேன். "உனக்கு வாய்ல வேல இருந்துக்கிட்டே இருக்கு மாப்ளே. எலும்பு எப்படிக் கரையும்?" என்பார். அப்படியொரு உறவு.

சாப்பாட்டுக்காக மட்டும் அவர் பல் கேட்கவில்லை. அது எனக்கும் என் மனைவிக்கும் தெரியும்.

என் மாமனார் இறந்தபோது மச்சான் விடுமுறையில் வந்திருந்தார். சுடுகாட்டில் வாய்க்கரிசி போடுவதற்காக, தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்த நாடிக்கட்டை அவிழ்த்ததும் வாய் பொக்கென்று திறந்துகொண்டது. ஒரு பல்கூட இல்லாத வாய். மச்சான் போட்ட அரிசி உள்ளே இறங்கிக் காணாமல் போனது. பங்காளிகள் போட்டார்கள், சம்பந்திகள் போட்டார்கள், தெருவே போட்டது. நிறையவில்லை. கூட்டத்தில் ஒருவர், "உயிரோட இருக்கறப்ப இவ்ளோ சாப்ட்டதில்ல" என்றார். சிலர் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்பது நினைவில்லை, சிரித்திருப்பேன். மச்சான் அந்தச் சிரிப்பை மூட்டை கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனார். திரும்பி வந்த பின்னும் அது அவரிடம் இருந்தது.

"குழியா வாயத் தொறந்துக்கிட்டு நான் படுக்க மாட்டேன் மாப்ளே. எனக்கு அரிசி போடறவன் பல்லப் பாத்துட்டுப் போடணும்" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். குடித்திருக்கவில்லை.

அதனால்தான் அந்த மருத்துவர் எதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் ஒவ்வொரு வழியாகச் சொன்னார். இடுப்பு எலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தாடையில் பதித்து, அது ஒட்டும் வரை பல மாதம் காத்திருந்து, பிறகு திருகாணி போடலாம். ஒட்டாமலும் போகலாம், சர்க்கரைக்காரருக்கு, அதுவும் சிகரெட் பிடிப்பவருக்கு, ஒட்டாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். கன்னத்துக் காற்றறையின் தரையைத் தூக்கிவிட்டு அடியில் எலும்புத் தூளை நிரப்பலாம். எந்த எலும்புத் தூள் என்று மச்சான் கேட்டார். பெரும்பாலும் மாட்டெலும்பு, சுத்திகரித்தது என்றார் மருத்துவர். பிரான்சில் அத்தனை வருஷம் தாமே விரும்பிச் சாப்பிட்டதை இப்போது வாய்க்கு உள்ளிருந்து வாங்குவதில் மச்சானுக்கு ஆட்சேபம் இல்லை, காலதாமதத்தில்தான் ஆட்சேபம். ஈறுக்கு அடியில், எலும்பின் மேல் சேணம் மாதிரி உட்காரும் டைட்டானியச் சட்டம் ஒன்றும் உண்டு. ஈறு விலகினால் சட்டம் வெளியே தெரிய ஆரம்பிக்கும். இல்லையென்றால் இருக்கிற பல்செட்டையே இன்னும் நன்றாகச் செய்துகொண்டு பேசாமல் இருக்கலாம். இந்த வழியைச் சொல்லும்போது மட்டும் அவர் என்னைப் பார்த்தார். அலுவலகத்தில் நானும் கோப்பின் கடைசிப் பத்தியில் இதைத்தான் எழுதுவேன்: தற்போதைய நிலையே தொடரலாம்.

மிச்சம் இருந்தது ஒன்று. தாடையை நம்பாமல் கன்ன எலும்பை நம்புவது. விரல் நீளத் திருகாணி நான்கை வாய்க்குள்ளிருந்து சாய்வாக மேலே செலுத்தி, பக்கத்துக்கு இரண்டாகக் கன்ன எலும்பில் முடுக்குவார்கள். கண்ணுக்குக் கீழே இருக்கும் அந்த எலும்பு எவ்வளவு வயதானாலும் கரைவதில்லை. சில நாளிலேயே தற்காலிகப் பல் வரிசையை அதன் மேல் பொருத்திவிடலாம். அபாயமும் உண்டு. காற்றறையில் சீழ் பிடிக்கலாம், கன்னம் மரத்துப் போகலாம், கண்ணுக்கு வெகு பக்கத்தில் வேலை. முழு மயக்கம் கொடுக்க வேண்டும், இதய மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். சர்க்கரை இறங்க வேண்டும். சிகரெட்டை விட வேண்டும்.

"கழட்ட முடியுமா?" என்றார் மச்சான்.

"பல் வரிசைய நாங்க கழட்டலாம், சுத்தம் பண்ண. திருகாணியக் கழட்ட முடியாது. எலும்பு அதோட ஒட்டி வளந்துடும். அப்புறம் அது உங்களோடதுதான்."

வெளியே வந்ததும் நான் சட்டம் பேசினேன். கட்டடப் பிரிவில் எங்களுக்கு முதல் பாடமே இதுதான்: சுவரோடு பதித்தது அசையாச் சொத்து, தூக்கிக்கொண்டு போகக்கூடியது அசையும் சொத்து. மாற்றலாகிப் போகும் அதிகாரி நாற்காலியைக் கேட்கலாம்; ஜன்னலைக் கேட்க முடியாது. "இத்தன வருஷம் நாற்காலி வெச்சுக்கிட்டு இருந்தீங்க மச்சான். இப்ப ஜன்னல் வெக்கப் போறீங்க" என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது. பார்ப்பவர்களிடமெல்லாம், என் பெயரைச் சொல்லாமல், சொன்னார்.

இதய மருத்துவர், சர்க்கரை மருத்துவர், மயக்க மருத்துவர் என்று எந்த வரிசையில் போனால் ஒருவருடைய தாளில் இன்னொருவர் சந்தேகம் எழுப்ப மாட்டார் என்பதை நான் பார்த்துக்கொண்டேன். சிகரெட்டை மட்டும் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அதை அவரே விட்டார். நாற்பது வருஷப் பழக்கத்தை மகன் சொல்லி விடவில்லை, மனைவி அழுது விடவில்லை. செத்த பிறகு வாய் எப்படி இருக்கும் என்பதற்காக விட்டார்.

அறுவை முடிந்து பார்த்தபோது முகம் பலாப்பழம் போல வீங்கி, இரண்டு கண்ணும் கீறலாக இருந்தன. கருநீலம் கழுத்து வரை இறங்கியிருந்தது. என் மனைவி பார்த்துவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டாள். மச்சான் எதையோ சொல்ல முயன்றார். குனிந்து கேட்டேன். "ஜன்னல் வெச்சாச்சா?"

வீக்கம் வடிந்து, பல் வரிசை பொருத்திய அன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். குளியலறைக் கண்ணாடி முன்பு நின்றுகொண்டிருந்தார். உள்ளே மடிந்து போயிருந்த மேலுதடு வெளியே வந்திருந்தது. கன்னம் ஏறியிருந்தது. ராணுவத்தில் எடுத்த பழைய புகைப்படத்தில் இருக்கும் ஆளின் சாயல், கொஞ்சம் வெந்த மாதிரி. எங்கள் பக்கம் திரும்பிச் சிரிக்கவில்லை. பல்லை மட்டும் காட்டினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்து வைத்து, "எப்படி இருக்கு?" என்று தங்கையைக் கேட்டார். என் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

ஆறு மாதத்துக்கு மிருதுவான சாப்பாடுதான் என்று மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எலும்பு திருகாணியைப் பிடித்த பிறகுதான் நிரந்தரப் பல். இப்போது இருப்பது பிளாஸ்டிக். இட்லி, குழைந்த சோறு, முள் எடுத்த மீன். மச்சான் விதியை மதிக்கத் தெரிந்தவர், ஆனால் சொல்தாவுக்கே உரிய முறையில்: அதிகாரி பார்க்கும்வரை மதிப்பார். மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, வைத்திக்குப்பம் கடற்கரையில் காலையில் படகு வந்ததும் நண்டு வாங்கி வந்துவிட்டார். பெட்டை நண்டு, சினை வைத்தது. பெருக்கித் துடைக்க வரும் அம்மாளை மிளகு போட்டு வைக்கச் சொல்லி, தனியாக உட்கார்ந்து, கொடுக்கைப் பல்லில் வைத்துக் கடித்திருக்கிறார்.

நண்டும் உடைந்தது, பல் வரிசையும் நடுவில் உடைந்தது.

மருத்துவர் திட்டவில்லை. சின்னத் திருப்புளியால் உடைந்த வரிசையைக் கழற்றி, திருகாணிகள் கெட்டியாக இருக்கின்றனவா என்று தட்டிப் பார்த்தார். நான்கும் அசையவில்லை. உள்ளே உலோகச் சட்டம் வைத்துப் பலமாகச் செய்து தரச் சொல்கிறேன், பல் செய்யும் இடத்தில் சனிக்கிழமை கொடுத்துவிடுவார்கள் என்றார். அது வரை? பழைய பல்செட் இப்போது உட்காராது. திருகாணித் தலைகள் தடுக்கும். வெறும் வாய்தான்.

மச்சான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு வெளியே வரவில்லை. போனில் பேசினால் பாதி காற்றாக வந்தது. "நண்டு எப்படி இருந்துச்சு மச்சான்?" என்று கேட்டேன். நல்லா இருந்துச்சு என்றார். பிறகு, "சனிக்கெழம வரைக்கும் எமன் வந்தா நான் வீட்ல இல்லன்னு சொல்லிடு மாப்ளே."

வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்கார அம்மாள் போன் செய்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருக்கிறார், கூப்பிட்டால் பேசவில்லை என்றார். ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்றார். சர்க்கரைக்காரர்களுக்கு வலி தெரியாமலே வந்துவிடும் என்றார். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. வாய் திறந்திருந்தது. மேல் ஈறில் நான்கு உலோகப் புள்ளிகள் தெரிந்தன.

என் மனைவி அழுவதற்கு முன்னால் வேலையைச் செய்தாள். அவள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இப்படித்தான் செய்தாள். எங்கள் பக்கம் உடம்பு விறைப்பதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். பீரோவிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்து நீளமாகக் கிழித்தாள். தாடையைத் தூக்கி மூடி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டினாள். கண்களை மூடி விட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

நான் என் வேலையைச் செய்தேன். டாக்டரிடம் சான்றிதழ், நகராட்சியில் பதிவு, பிரெஞ்சுப் பென்ஷன் நிற்பதற்கான தகவல், மகனுக்குப் போன், மகன் வந்து சேரும் வரை வைக்க ஐஸ் பெட்டி. ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறான் என்பதைப் பென்ஷனுக்காக வருஷா வருஷம் நேரில் போய் நிரூபிக்க வேண்டியிருந்தது. இறந்துவிட்டான் என்பதை அவன் வராமலே முடித்துவிடலாம். மதியத்துக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

மதியத்துக்கு மேல்தான், பெட்டியின் கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "பல்லு" என்றாள்.

மருத்துவருக்குப் போன் செய்தேன். பல் வரிசை தயாராகிவிட்டது, தானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார். யாருடைய அனுமதி என்று அவர் கேட்கவில்லை. நானும் இதற்கு எந்த விதி என்று தேடவில்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் வந்தார். செருப்பை வாசலில் விட்டு, பல் வரிசை இருந்த சின்ன டப்பாவையும் திருப்புளியையும் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். நாடிக்கட்டை அவிழ்க்க வேண்டும் என்றதும் உறவில் மூத்த பெண்கள் இருவர் முணுமுணுத்தார்கள். கட்டினால் சுடுகாட்டில்தான் அவிழ்க்க வேண்டும். என் மனைவி யாரையும் பார்க்காமல் முடிச்சை அவிழ்த்தாள். துணி விலகியது. தாடை அப்படியே இருந்தது. மருத்துவர் உறை மாட்டிய விரலை உதட்டுக்குள் விட்டு, கீழ்த்தாடையை அழுத்திப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். சொந்தத் தகப்பனைத் தொடுவது போல மெதுவாகத்தான் தொட்டார்.

"இறுகிடுச்சும்மா. பலமாத் தொறந்தா ஒடஞ்சிடும்."

எப்போது தளரும் என்று நான் கேட்டேன். வெளியே வைத்தால் இரண்டு நாளில் தளரலாம், ஐஸ் பெட்டியில் தளராது என்றார். வெளியே வைத்தால் வேறு எது நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். சித்திரை மாதம்.

"கட்டாம வுட்டுருந்தா?" என்றாள் என் மனைவி.

மருத்துவர் என்னைப் பார்த்தார். கட்டாமல் விட்டிருந்தால் வாய் திறந்தபடியே விறைத்திருக்கும். திறந்த வாயில் பல்லைப் பொருத்துவது அந்தத் திருப்புளிக்கு ஐந்து நிமிட வேலை.

"அத இப்ப யோசிக்காதீங்கம்மா" என்றார் மருத்துவர்.

"நாந்தான கட்டனேன்" என்றாள்.

மருத்துவர் டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியை மூடுவதற்கு முன் அவள் கட்டை மறுபடியும் கட்டினாள். இந்த முறை தளர்வாக. அதில் பயன் எதுவும் இல்லை.

மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். கோட்டும் சூட்டும் போட்டு அனுப்ப வேண்டும் என்று மச்சான் முன்பே சொல்லி வைத்திருந்தார், போட்டோம். முகம் மட்டும் ராணுவப் படத்துக்குப் பொருந்தவில்லை. உதடுகள் உள்ளே இழுபட்டு, சுருக்குப் பையின் வாயைக் கயிறு இழுத்துக் கட்டியது போல இருந்தது. தூக்குவதற்கு முன் என் மனைவி அந்தப் பல் வரிசையை டப்பாவிலிருந்து எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, கோட்டின் மார்புப் பையில் வைத்தாள். பையை வெளியிலிருந்து ஒரு முறை தட்டிப் பார்த்தாள்.

சுடுகாட்டில் நாடிக்கட்டை அவிழ்த்தார்கள். வாய் திறக்கவில்லை. மகன் போட்ட அரிசி உள்ளே போகாமல் உதட்டின் மேலேயே நின்றது. அதன் மேல் அடுத்தவர் போட்டார். குவிந்தது, சரிந்து கழுத்துப் பக்கம் கோட்டுக் காலருக்குள் போனது. நானும் போட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. அந்த அளவுக்கு மட்டும் அவர் கேட்டது நடந்தது.

மறுநாள் எலும்பு பொறுக்கப் போனோம். பால் தெளித்து, காலிலிருந்து தொடங்கித் தலை வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்து, கடலில் கரைப்பதற்காக மண் கலயத்தில் போட வேண்டும். மகனுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எடுத்தான். மார்பு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் எரிந்துபோய், வளைந்த உலோகச் சட்டம் ஒன்று கிடந்தது. தலைப் பக்கம் வந்ததும் சாம்பலைக் கிளறியவன் நிறுத்திவிட்டான். நான்கு நீளத் திருகாணிகள். நீலம் பாரித்திருந்தன. ஒன்றின் முனையில் கன்ன எலும்பின் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் சொன்ன மாதிரி பிடித்திருந்தது.

"இத என்ன மாமா பண்றது?"

வெட்டியான் இரும்பெல்லாம் கடலில் போடக் கூடாது என்றார். மகன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குத் தெரிந்த ஒரே விதியைச் சொன்னேன். எலும்போடு பதிந்தது எலும்பைச் சேர்ந்தது. நான்கும் கலயத்துக்குள் போகலாம். கோட்டுப் பையில் வைத்து அனுப்பியது சாமான். அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மகன் திருகாணிகளைக் கலயத்தில் போட்டுவிட்டு, சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

மேலிடத்துக்கு அனுப்பத் தீர்மானித்தேன். வீட்டுக்குப் போன் செய்து, கிடைத்ததையும் என் முடிவையும் என் மனைவியிடம் சொன்னேன். மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அதையும் போடச் சொல்லுங்க" என்றாள். "அண்ணன் அங்க போயி மாட்டிக்கும்."